ஜூனில் கோட்டு எதற்கு

அலமாரிக்கும் பெட்டிக்கும் நடுவே
கோட்டு மூன்று முறை போய் வந்துவிட்டது.
ஷல்வா மடித்து வைக்கிறான்,
நான் எடுத்து மாட்டுகிறேன்.
ஒன்பது நாள் ஊர் சுற்றப் போகிறவளுக்கு
ஜூன் மாதத்தில்
கம்பளிக் கோட்டு எதற்கு என்று கேட்பார்கள்.
"டிசம்பரில்?" என்கிறான்.
டிசம்பர் என்ற சொல்லை
இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று
திங்கட்கிழமையே பேசி வைத்திருந்தோம்.

மீன்காரனிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசில்
பெட்டி பத்துக் கிலோ இருநூறு.
அந்த இருநூறைத் தேடுகிறோம்.
மூட்டுவலிக் களிம்பு வெளியே.
ஆஸ்பத்திரிச் செருப்பும் வெளியே,
அது கனத்துக்காக அல்ல;
கடற்கரைக்குப் போகிறவள்
அப்படியொரு வெள்ளைச் செருப்பு போடமாட்டாள்.
பதிலுக்கு ஒரு வைக்கோல் தொப்பி, முப்பது லரி.
சியாத்துராவின் மாங்கனீசுச் சுரங்கத்தில்
பிப்ரவரிச் சம்பளமே இன்னும் வரவில்லை.
ஷல்வா தொப்பியை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
முப்பது லரி அதில் எங்கே இருக்கிறது என்பதுபோல.

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம்
நாத்தனார் லமாரா,
என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
எல்லைக் காவலர் ஆகியிருந்தாள்.
போன வருஷம் பாரி விமான நிலையத்தோடு
திருப்பி அனுப்பப்பட்டவள்,
கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.
எதற்கு வந்தாய்?
சுற்றிப் பார்க்க.
எதைப் பார்க்க?
புனித நிக்கோலாஸ் தேவாலயம். கடல்.
அப்புறம்?
அப்புறம்... சாப்பாடு.
"சிரி" என்கிறாள் லமாரா.
"ஊர் சுற்ற வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
நான் விமானத்தில் அழுதேன்,
கண்ணைப் பார்த்தே பிடித்துவிட்டார்கள்."
அங்கே யாரையாவது தெரியுமா?
தெரியாது.

தெரியாத அந்த அம்மாளுக்கு எண்பத்தொன்பது வயது.
பெயர் இம்மாகொலாத்தா.
இரவில் மூன்று முறை எழுப்புவாளாம்,
இடப்பக்கம் புரட்டினால் வலிக்குமாம்.
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
அவள் மொழியில் ஒரே ஒரு கேள்வியைப் படிக்கிறேன்.
தோவே ஃபா மாலே, எங்கே வலிக்கிறது.
தோவே ஃபா மாலே.
மேசைக்கு வரும்போது அதை மறந்திருக்க வேண்டும்.

பொய் சொன்ன வாய்க்குப்
போசனம் கிடைக்காது என்பார்கள்.
இந்த வாயை நம்பித்தான்
மூத்தவனின் கல்லூரிக் கட்டணம்,
வங்கிக்காரன், கூரைத் தகரம்.

இரவு ஒரு மணிக்குக்
காகிதங்களை வரிசைப்படுத்துகிறோம்.
குத்தாய்சிக்குப் போகும் வேன் மூன்றரைக்கு வரும்.
போகிற டிக்கெட் மேலே.
வருகிற டிக்கெட் அதன் கீழே.
இருக்கைக்கும் தனியாகக் காசு கட்டு,
அப்போதுதான் நம்புவார்கள் என்றிருந்தாள் லமாரா.
சொல்லப்போகும் பொய்களிலேயே
விலை கூடியது இதுதான்.

ஷல்வா வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தான்.
"பதினேழாம் தேதி. மாலை நாலரை.
பதினெட்டு ஏ என்றால்?"
"ஜன்னல்."
"எந்தப் பக்கம்?"
"இடது."
ஒருநாளும் விமானம் ஏறாதவன்
மேசைமேல் கையால் ஒரு கோடு இழுத்தான்,
கடலிலிருந்து எங்கள் ஊர்வரை.
"அப்படியானால் இறங்குவதற்கு முன்னால்
பனிமலை முழுக்கத் தெரியும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் எழுந்து போய்க்
கோட்டைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினான்.
பிறகு பொத்தான்களைப் போட்டான்,
ஒவ்வொன்றாக,
கழுத்துப் பொத்தான் வரை.

மணி இரண்டாகிவிட்டது.
தொப்பியைக் காணவில்லை,
இருவரும் தேட ஆரம்பித்தோம்.